இருளில் நின்று ஒளியை நடத்துவோர்

குளச்சல் கடற்கரையில் இரவு வேளையில் நின்று தென்கிழக்கே நோக்கினால், முட்டத்துக் கலங்கரை விளக்கின் ஒளி கண்ணிற்படும். அது ஓயாது எரிவதில்லை. தோன்றும்; மறையும்; குறித்த இடைவெளிக்குப் பின் மீண்டும் தோன்றும். அண்டையிலுள்ள விளக்கினின்று பிரித்தறியுமாறு ஒவ்வொரு கலங்கரை விளக்கிற்கும் ஓர் ஒளிமுறை வகுக்கப்பட்டிருக்கிறது. அம்முறையைக் கண்டே, தான் எக்கரையை அணுகுகிறோம் என்பதை மாலுமி அறிந்துகொள்கிறான். ஆக, அவனுக்கு வழிகாட்டுவது ஒளி மட்டுமன்று. இடையிடையே வரும் இருளும் சேர்ந்தே வழிகாட்டுகிறது.

எப்போது ஒளிர வேண்டும், எவ்வளவு நேரம் ஒளிர வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துவைக்கும் இக்கலை, இன்று நாடக அரங்கில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. மேலை நாடுகளிலும் வளைகுடா நாடுகளிலும் நடைபெறும் பெரும் நாடகங்களில் நூற்றுக்கணக்கான விளக்குகளைக் கணிப்பொறியின் துணையால் ஒருவரே நடத்துகிறார். அத்தகைய பணியைச் செய்யும் இளைஞர் ஒருவர் நம் கரையிலிருந்து சென்றவர் என்பதை அறிந்தபோது வியந்தோம். அவர் வாயிலாக நாமும் நம் பங்கு மக்களும் கற்றுக்கொண்ட பாடத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"நீ எங்கே, மக்களே?"

அவ்விளைஞரின் தந்தை நாற்பது ஆண்டுகள் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தொழில் செய்தவர். மகன் மின்பணி பயின்று வளைகுடா நாட்டிற்குச் சென்றார். முதலில் கட்டட வேலை. பின்னர் ஒரு பெரிய அரங்கில் விளக்குகளைத் தூக்கிக் கட்டும் வேலை. படிப்படியாக, விளக்குகளுக்குக் கட்டளைகளை எழுதிவைக்கும் வேலை. விடுமுறைக்கு ஊர் வந்தபோது, தாம் பணியாற்றிய நாடகத்தின் ஒளிப்படப் பதிவைக் கைப்பேசியில் கொண்டுவந்து தந்தைக்குக் காட்டினார். அரண்மனை எழுந்தது, கடல் கொந்தளித்தது, விண்மீன்கள் இறங்கின. முதியவர் கண்ணிமைக்காமல் இறுதிவரை பார்த்தார். பார்த்து முடித்தபின் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதிலே நீ எங்கே, மக்களே?"

"நான் இருட்டிலே இருக்கிறேன் அப்பா" என்றார் மகன்.

முதியவர் ஒன்றும் பேசவில்லையாம். ஆயினும் அன்று முதல் அவர் மனத்தில் ஒரு குறை குடிகொண்டது. மறுநாள் திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்து, "சாமி, பிள்ளை என்ன வேலை பார்க்கிறான் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். ஸ்விட்ச் போடுகிற வேலை என்றா சொல்வது?" என்று வினவினார். நம்மாலும் அன்று சரியான விடை கூற இயலவில்லை. ஆதலால் அந்த இளைஞரையே அழைத்து உட்காரவைத்து, அவருடைய தொழிலைப் பற்றி விரிவாகக் கேட்டறிந்தோம்.

எண்ணெய் விளக்கிலிருந்து கணிப்பொறி வரை

நாடக மேடைக்கு ஒளியூட்டிய கதை நீண்டது. மெழுகுவர்த்தியும் எண்ணெய் விளக்கும் ஆண்ட காலத்தின்பின் வாயு விளக்கு வந்தது. அது ஒளி தந்தது, உயிரும் கொண்டது. 1881-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வியன்னா நகரின் ரிங் அரங்கில் வாயு விளக்கால் மூண்ட தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதே மாதத்தின் இறுதியில் இலண்டன் மாநகரின் சவாய் அரங்கின் மேடை முழுவதும் மின்விளக்கால் ஒளி பெற்றது என்பது வரலாற்றின் விந்தை.

மின்விளக்கு வந்தபின், ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் பெரிய கைப்பிடிகள் கொண்ட பலகைகள் வந்தன. பெரும் நாடகங்களில் மூவர் நால்வர் வரிசையாக நின்று, இரு கைகளாலும் ஏன், முழங்கைகளாலும்கூட அவற்றை இழுத்து நடத்துவர். 1975-இல் நியூயார்க் நகரின் பிராட்வே அரங்கில் 'எ கோரஸ் லைன்' என்னும் இசை நாடகத்திற்கு ஒளியமைத்த தாரன் மஸர் என்னும் பெண்மணி, காட்சிகளை நினைவில் வைத்துக்கொள்ளும் மின்னணுப் பலகையை அங்கே முதன்முதலாகப் பயன்படுத்தினார். 1986-இல், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த விளக்குகளும் பலகைகளும் ஒன்றோடொன்று உரையாடுவதற்கான பொது மொழியொன்று அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. டி.எம்.எக்ஸ். 512 என்பது அதன் பெயர். ஒரே கம்பியின் வழியே 512 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 0 முதல் 255 வரை அளவுகள். 0 என்றால் இருள். 255 என்றால் முழு ஒளி. அசையும் விளக்கு ஒன்றுக்கே திரும்புவதற்கு ஒரு தடம், நிமிர்வதற்கு ஒரு தடம், நிறத்திற்குச் சில, விரிவதற்கும் குவிவதற்கும் சில என்று இருபது முப்பது தடங்கள் தேவைப்படும். இத்தகைய விளக்குகள் சில நூறு சேர்ந்தால் தடங்கள் எத்தனை ஆயிரமாகும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இவ்வாயிரங்களுக்கும் ஒவ்வொரு கணத்திலும் என்ன கட்டளை என்று எழுதிவைப்பதுதான் ஒளி நிரல் அமைப்பவரின் வேலை. ஒரு கணத்துக்குரிய கட்டளைத் தொகுப்பை 'கியூ' என்பர். பெரும் நாடகமொன்றில் நூற்றுக்கணக்கான கியூக்கள் இருக்கும். நாடகம் நடக்கும் இரவில், மேடை மேலாளர் காதில் அணிந்த கருவி வழியே "நூற்றுப் பன்னிரண்டு... போ" என்பார், பலகையில் ஒரு பொத்தான் அழுத்தப்படும். பார்ப்பவர்க்கு அது ஸ்விட்ச் போடுகிற வேலைதான். அந்த ஒரு பொத்தானுக்குப் பின்னால் பல வார இரவுகள் இருக்கின்றன.

நாயகனின் இடத்தில் நின்றவர்

முதலில் நாடகத்தைப் பலமுறை படிக்க வேண்டும். எவ்விளக்கு எங்கே தொங்க வேண்டும் என்று வரைபடம் போடப்படும். பிறகு விளக்குகளைக் கட்டுவர். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுப்பர். ஒவ்வொன்றையும் குறித்த இடத்துக்குத் திருப்புவர். அதன்பின் காலியான அரங்கின் நடுவே மேசையிட்டு, ஒளியமைப்பாளரும் நிரல் எழுதுபவரும் அருகருகே அமர்ந்து, காட்சி காட்சியாக ஒளியை வகுப்பர். ஒளி எவ்வளவு, எத்திசையிலிருந்து, எந்நிறத்தில் என்பவை மட்டுமல்ல. எத்தனை நொடியில் ஏற வேண்டும், எத்தனை நொடியில் இறங்க வேண்டும் என்பதும் முடிவு செய்யப்பட வேண்டும். மூன்று நொடியில் விடியும் காலையும் மூன்று நிமிடத்தில் விடியும் காலையும் ஒன்றல்லவே!

அவ்வேளையில் நடிகர்கள் அங்கே இரார். ஆனால் ஒளி முகத்தில் விழுகிறதா என்று அறிய மேடையில் யாராவது நின்றாக வேண்டும். அவ்வாறு நிற்பதற்கென்றே ஆட்களை அமர்த்துவார்கள். நம் இளைஞர் அந்த அரங்கில் மேடையேறிய முதல் வேலை அதுதான்.

"சாமி, மன்னர் நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தினார்கள். நாலு மணி நேரம் நின்றேன். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒளியைச் சரிசெய்தார்கள். முதல் நாள் நாடகத்தில் நடிகர் வந்து அதே இடத்தில் நின்றார். அரங்கமே கைதட்டியது. நான் பின்னால் கேபிளைச் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வருத்தமாக இல்லை. அவர் முகம் நன்றாகத் தெரிகிறதே என்றுதான் இருந்தது."

இதைக் கேட்டபோது நம் நினைவு யோர்தான் ஆற்றங்கரைக்குச் சென்றது. தாம் ஒளியல்ல, ஒளிக்குச் சான்று பகரவே வந்தவர் என்று நற்செய்தி நூல் கூறும் திருமுழுக்கு யோவானை நினைத்துக்கொண்டோம். வரவிருப்பவருக்காக இடம் ஒழுங்கு செய்து, அவர் வந்ததும் விலகி நிற்பது அவருடைய அழைத்தல். குருத்துவப் பயிற்சிக் காலத்திலிருந்து எத்தனையோ முறை தியானித்த அப்பகுதிக்கு இப்படியொரு விளக்கவுரையைக் கடற்கரை இளைஞர் ஒருவர் வாயிலாகக் கேட்போம் என்று நாம் எதிர்பார்த்ததில்லை.

மலையடிவாரத்து ஊர் ஒன்று

வெளிநாடுகளின் பெரும் நாடகங்களைப் பற்றிப் பேசும்போது, கத்தோலிக்கராகிய நமக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியது ஜெர்மனியின் பவேரியா மாநிலத்திலுள்ள ஓபரம்மர்காவ் என்னும் சிற்றூர். 1633-இல் கொள்ளைநோய் அவ்வூரை வாட்டியது. நோய் நீங்கினால் ஆண்டவருடைய பாடுகளை நாடகமாக நடிப்போம் என்று ஊர்மக்கள் நேர்ந்துகொண்டனர். 1634-இல் முதல் முறை நடித்தனர். நோயால் மாண்டவர்களின் கல்லறைகள் இருந்த இடத்திலேயே மேடை அமைத்தனர். சில தடைகள் நீங்கலாக, இன்றுவரை பத்தாண்டுக்கு ஒருமுறை அந்நேர்ச்சை நிறைவேற்றப்பட்டு வருகிறது. 2020-இல் நடக்க வேண்டியது, கொரோனாக் கொள்ளைநோயால் 2022-க்குத் தள்ளிப்போயிற்று. நோயால் பிறந்த நாடகத்தை நோயே தடுத்து நிறுத்தியது.

அங்கே கூலிக்கு நடிகர்கள் இல்லை. அவ்வூரில் பிறந்தவர்களோ இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தவர்களோதான் நடிக்கலாம். ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் இரண்டாயிரம்பேர் வரை பங்கேற்கின்றனர். பொய்முடி கிடையாது, முந்தின ஆண்டின் சாம்பல் புதன் முதல் ஆண்களும் பெண்களும் முடி வளர்க்கத் தொடங்குகின்றனர். பார்வையாளர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூரையின்கீழ் அமர்வர். மேடையோ திறந்தவெளியில், பின்னே மலைகள் தெரியுமாறு அமைந்தது.

நெடுங்காலம் அந்நாடகம் காலையில் தொடங்கிக் கதிரவன் இருக்கும்போதே முடிவுற்றது. 2010-இல் இயக்குநர் கிறிஸ்டியன் ஸ்டூக்கல் அதைப் பிற்பகலில் தொடங்கி இரவில் முடியுமாறு மாற்றினார். பாடுகளும் மரணமும் இருளில் நிகழ வேண்டும் என்பது அவர் கருத்து. முன்னோர் மரபு மாறுகிறதே என்று ஊரில் எதிர்ப்பு எழுந்தது. வழக்கு வாதமெல்லாம் நடந்து, 2007-இல் ஊர்மக்களின் வாக்கெடுப்புக்கே அது விடப்பட்டது. இரவு நாடகத்துக்கு ஊர் இசைந்தது. ஆண்டவருடைய மரணத்தை எவ்வொளியில் காட்டுவது என்று ஓர் ஊரே கூடி வாக்களித்தது என்றால், ஒளி என்பது வெறும் அலங்காரமன்று என்பது விளங்கவில்லையா?

இம்மாற்றத்தால் ஒளியமைப்போர்க்குப் புதுச் சிக்கல் பிறந்தது. நாடகம் மே மாதம் தொடங்கி அக்டோபர் தொடக்கம்வரை நடக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே இரவு 9 மணி கடந்தபின்னரே கதிரவன் மறைகிறான். செப்டம்பர் இறுதியிலோ 7 மணிக்கே மறைந்துவிடுகிறான். திறந்தவெளி மேடையில் ஒரே காட்சி ஒரு மாதத்தில் வெளிச்சத்திலும் மற்றொரு மாதத்தில் இருளிலும் நடக்கும். பகலொளியோடு போட்டியிட எந்த விளக்காலும் முடியாது. ஆகவே வானம் எவ்வளவு தருகிறது என்று பார்த்தே மனிதன் தன் பங்கைச் சேர்க்க வேண்டும். இறையருளுக்கும் மனித முயற்சிக்கும் உள்ள உறவை விளக்க இதனினும் நல்ல உவமையை நாம் கண்டதில்லை.

நம்மவர் கண்ட ஒளி

இக்கலை நமக்கு அயலானது என்று எண்ண வேண்டா. தேவி பால வினோத சங்கீத சபாவை நடத்திய நவாப் இராஜமாணிக்கம் பிள்ளை, கிறிஸ்தவரல்லாதவராயினும் இயேசுநாதர் வரலாற்றை நாடகமாக்கி ஊரூராக நடித்துக் காட்டியவர். காட்சியமைப்பிலும் ஒளி வித்தைகளிலும் தமிழ் மேடைக்கு வழிகாட்டியவர். கல்கத்தாவில் 1959-இல் 'அங்கார்' என்னும் வங்க நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் ஏறித் தொழிலாளர் மூழ்குவதை ஒரு துளி நீருமின்றி ஒளியாலேயே காட்டினார் தாபஸ் சென். கணிப்பொறி ஏதும் அவரிடம் இல்லை.

சிவகங்கைச் சீமையின் இடைக்காட்டூரில் பாஸ்கா நாடகம் தலைமுறை தலைமுறையாக நடைபெற்று வருகிறது. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965-இல் நிறுவிய திருமறைக் கலாமன்றம், தவக்காலங்களில் திருப்பாடுகளின் காட்சியைப் பெருமேடையில் ஏற்றிவந்தது. போரினால் குடாநாடு மின்சாரமற்று இருண்டிருந்த ஆண்டுகளிலும் அம்மன்றத்தின் கலைப்பணி அணையவில்லை. அடிகளார் 2021-இல் இறைவனடி சேர்ந்தார். நாடகம் என்னும் தொன்மையான கலையைத் திருச்சபை மதிக்கிறது என்பதை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணையும் உணர்த்துகிறது.

"நமக்குப் பதினைந்தா?"

இனி நம் ஊர் நிகழ்ச்சிக்கு வருவோம். குருத்து ஞாயிறு மாலையில் கடற்கரை மணலில் திருப்பாடுகளின் நாடகம் நடத்துவது என்று முடிவாயிற்று. இளைஞர் குழுவினர் ஆர்வத்தோடு நன்கொடை திரட்டினர். சுழலும் விளக்குகள், லேசர் கதிர்கள், புகை எந்திரம் எல்லாம் வாடகைக்கு எடுப்பது என்று பட்டியலும் போட்டுவிட்டனர். உண்மையைச் சொல்வதானால் நமக்கும் அதில் மறுப்பில்லை. நம் நாடகமும் நாலு ஊர் பேசும்படி அமையட்டுமே என்ற சிறு ஆசை நம் உள்ளத்திலும் இருந்தது.

விடுமுறையிலிருந்த இளைஞரைக் கூட்டத்திற்கு அழைத்திருந்தோம். அவர் பட்டியலைப் பார்த்தார். "பதினைந்து விளக்குப் போதும்" என்றார். கூட்டத்தில் சலசலப்பு. ஒருவர் எழுந்து, "வெளிநாட்டுக்காரனுக்கு ஆயிரம் விளக்கு, சொந்த ஊருக்குப் பதினைந்தா?" என்று கேட்டுவிட்டார். அச்சொல் அவரைத் தைத்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அண்ணே, அங்கே ஆயிரம் வைப்பதும் முகம் தெரியத்தான். சுற்றுகிற விளக்கு வைத்தால் எல்லோரும் விளக்கைப் பார்ப்பார்கள். சிலுவையை யார் பார்ப்பார்கள்?" என்றார்.

பதினைந்து என்ற எண்ணைக் கேட்டதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. திருச்சபையின் பழைய வழிபாட்டில், புனித வாரத்தின் இறுதி மூன்று நாள்களுக்குரிய இருள் வழிபாடு என்றொன்று இருந்தது. 'டெனெப்ரே' என்பது அதன் இலத்தீன் பெயர். முக்கோணத் தண்டில் பதினைந்து மெழுகுவர்த்திகள் ஏற்றப்படும். ஒவ்வொரு திருப்பாடல் முடிந்ததும் ஒன்று அணைக்கப்படும். பதினான்கும் அணைந்தபின், பதினைந்தாவதை மட்டும் அணைக்காமல் பீடத்தின் பின்னே மறைப்பர். கோவில் இருளில் ஆழ்ந்திருக்க, நூல்களைத் தட்டி ஓசை எழுப்புவர். ஆண்டவர் இறந்தபோது நிகழ்ந்த நிலநடுக்கத்தின் குறியாக அது கருதப்பட்டது. பின்னர் மறைந்திருந்த சுடர் மீண்டும் கொண்டுவரப்படும். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் புனித வாரச் சடங்குகளைச் சீரமைத்தபின் இவ்வழக்கம் பெரும்பாலான ஆலயங்களில் மறைந்துபோயிற்று. கணிப்பொறி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஒளி படிப்படியாகக் குறைவதைத் திருச்சபை முறையாக வகுத்து வைத்திருந்தது!

இதை இளைஞரிடம் கூறினோம். அவர் கண்கள் மலர்ந்தன. "சாமி, இதுதான் நம் கியூ" என்றார்.

ஒத்திகை நாள்கள்

வாடகைக்கு எடுத்த சிறு பலகையில் அவர் நிரல் எழுதத் தொடங்கினார். நாம் அருகிலிருந்து பார்த்தோம். இயேசு சிலுவையில் அறையுண்ட கணம் முதல் பதினான்கு விளக்குகள், ஒவ்வொன்றும் நாற்பது நொடியில், ஒன்றன்பின் ஒன்றாக இறங்க வேண்டும். ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களில் மேடை முழுதும் இருண்டுவிடும். பதினைந்தாவது விளக்குச் சிலுவையின் பின்னே, மக்கள் கண்ணிற்படாதவாறு எரிந்துகொண்டிருக்கும்.

முதல் ஒத்திகையில் ஒரு பிழை நேர்ந்தது. பிலாத்துவின் அரண்மனைக்கென வைத்த செவ்வொளி, அன்னை மரியா மகனைச் சந்திக்கும் காட்சியிலும் நின்றுவிட்டது. இப்பலகைகளின் இயல்பு அது: ஒரு விளக்கிற்கு ஒருமுறை கட்டளையிட்டால், மாற்றிச் சொல்லும்வரை அக்கட்டளையிலேயே அது நிற்கும். போ என்று சொல்ல மறந்தால் போகாது. குற்றம் ஒரு காட்சியில். அது தென்படுவதோ நாலு காட்சி கடந்து. எங்கே தவறினோம் என்று பின்னோக்கித் தேடியே திருத்த வேண்டும். அன்றிரவு அவர் நள்ளிரவு தாண்டித் தேடிக் கண்டுபிடித்தார். ஒப்புரவு அருட்சாதனத்திற்கு முன் செய்ய வேண்டிய ஆன்ம சோதனையும் இவ்வாறானதே என்று அடுத்த ஞாயிறு மறையுரையில் குறிப்பிட்டோம்.

மற்றொரு சிக்கல், எப்போது தொடங்குவது என்பது. நம் கரையில் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 6 மணிக்கும் 6.45-க்கும் இடையே கதிரவன் மறைந்துவிடுகிறான். ஆனால் மறைந்தபின்னும் மேற்குக் கடலின் மேல் வெளிச்சம் தங்கும். அவ்வெளிச்சத்தில் இருள் காட்ட இயலாது. கைப்பேசியில் கணக்கிட்டுக்கொண்டிருந்த மகனிடம், ஓரமாக உட்கார்ந்திருந்த தந்தை, "சூரியன் விழுந்தால் போதாது மக்களே. கையிலே வலைக்கண் தெரியாமல் போகிற நேரம் ஒன்று இருக்கு. அதுதான் இருட்டு" என்றார். அன்று மாலை மூவரும் கரையில் நின்றோம். முதியவர் வலையைக் கையில் விரித்துப் பிடித்திருந்தார். கண் தெரியாமற் போன கணத்தில், "இப்போ" என்றார். மகன் மணியைக் குறித்துக்கொண்டார். ஆணி அறையும் காட்சி அந்நேரத்தில் வருமாறு நாடகத்தின் தொடக்கம் முடிவாயிற்று.

ஓர் எச்சரிக்கை

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். 2025 மார்ச் முதல் நாளன்று, நமக்கு அண்மையிலுள்ள இனயம் புத்தன்துறையில் ஆலயத் திருவிழாப் பணியின்போது உயரமான இரும்பு ஏணி மின்கம்பியில் பட்டு நால்வர் உயிரிழந்தனர். அக்குடும்பங்களின் கண்ணீர் இன்னும் காயவில்லை. இளைஞர் முதல் நாளே விதித்த கட்டுப்பாடுகள் இவை: மின்சாரம் நிறுத்தப்பட்ட பின்னரே விளக்குக் கட்டுதல், மின்கம்பிகளின் அருகே இரும்பு ஏணியும் இரும்புத் தூணும் கொண்டுசெல்லாமை, ஒவ்வோர் இணைப்புக்கும் நில இணைப்பு, தொங்கும் ஒவ்வொரு விளக்குக்கும் கொக்கியோடு இரண்டாவதாக ஒரு பாதுகாப்புச் சங்கிலி, உப்புக்காற்றில் துருப்பிடித்த கொக்கி எதையும் பயன்படுத்தாமை, நனைந்த மணலில் கம்பி கிடக்கவிடாமை. "வெளிநாட்டில் இதைச் செய்யாவிட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், நம் ஊரில் மட்டும் உயிர் மலிவா?" என்று அவர் கேட்டதை எல்லாப் பங்குகளின் விழாக் குழுக்களும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஆண்டவருக்கு எடுக்கும் விழாவில் ஓர் உயிர் போவதை ஆண்டவர் விரும்புவாரா?

அந்த ஒன்பது நிமிடங்கள்

குருத்து ஞாயிறும் வந்தது. மணலில் பாய் விரித்து மக்கள் நிறைந்திருந்தனர். விளக்குகள் குறைவு என்று முணுமுணுத்தவர்களும் முன்வரிசையில் இருந்தனர். கெத்சமனித் தோட்டம், தலைமைக் குருவின் இல்லம், பிலாத்துவின் முற்றம் எல்லாம் கடந்தன. முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. பேதுரு மறுதலித்தபோது அவர் கண்ணின் கலக்கத்தைக்கூடக் கடைசி வரிசையில் இருந்தவர்கள் கண்டனர்.

சிலுவை நிமிர்ந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. அது நமக்குத் தெரியும். ஆயினும் எப்போது எது இறங்கியது என்று நம்மாலும் பிரித்துச் சொல்ல இயலவில்லை. குழந்தைகளின் ஓசை அடங்கிற்று. கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எப்போதோ கையைத் தாழ்த்தியிருந்தனர். இறுதியில் மேடையும் இல்லை, நடிகரும் இல்லை. கடலின் அலையோசை மட்டுமே இருந்தது. அவ்விருளில் ஒரு நிமிடம் முழுதும் யாரும் அசையவில்லை. பின், சிலுவைக்குப் பின்னிருந்த பதினைந்தாவது விளக்கு மெல்ல ஏறிற்று. சிலுவையின் உருவம் மட்டும் கருநிழலாய் எழுந்து நின்றது. கைதட்டல் எழவில்லை. யாரோ மூதாட்டி ஒருவர் விசுவாச மந்திரத்தைத் தொடங்க, கரை முழுதும் சேர்ந்து சொன்னது.

கலைந்து செல்லும்போது அம்மூதாட்டி நம்மிடம், "சாமி, விளக்கை யாரும் அணைத்த மாதிரியே தெரியலையே. எப்போ இருட்டாச்சு?" என்று கேட்டார். ஒளி நிரல் எழுதும் ஒருவருக்கு இதனினும் உயர்ந்த பாராட்டு எந்நாட்டிலும் கிடைத்திராது. "சொந்த ஊருக்குப் பதினைந்தா?" என்று கேட்டவர், பலகையருகே சென்று இளைஞரின் தோளில் கைவைத்துச் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

மறுநாள் காலைத் திருப்பலிக்குப்பின் தந்தையைக் கண்டோம். மகன் பயணம் புறப்பட இன்னும் நான்கு நாள்களே இருந்தன. "இப்போது யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று வினவினோம். முதியவர் சிரித்தார். "முட்டத்து விளக்கைத் தினமும் பார்க்கிறோம் சாமி. அதை ஏற்றுகிறவன் முகத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? ஆனாலும் நாங்கள் கரை சேர்ந்திருக்கிறோமே" என்றார்.

நமக்குரிய பாடம்

அன்பு வாசகர்களே! நம் குடும்பங்களிலும் பலர் இருளில் நின்றே ஒளியை நடத்துகின்றனர். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் தாய், கடல் கடந்து உழைத்துப் பணம் அனுப்பும் மகன், ஆலயம் பெருக்கும் கைம்பெண், மறைக்கல்வி கற்பிக்கும் ஆசிரியை ஆகியோரின் முகம் எந்தப் படத்திலும் வருவதில்லை. ஆனால் பிறர் முகம் தெளிவாகத் தெரிவது அவர்களால்தான். அவர்களிடம், "நீ எங்கே?" என்று ஒருமுறையேனும் கேட்போம், அவர்கள் நிற்கும் இடத்திற்கே சென்று அவர்தம் தோளில் கைவைப்போம்.

நம் விழாக்களிலும் வழிபாடுகளிலும் விளக்குகள் பெருகட்டும், வேண்டாமென்று கூறவில்லை. ஆயினும், அவை எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்று ஒவ்வொரு முறையும் நம்மையே கேட்டுக்கொள்வோம். பாஸ்கா இரவில் ஆலயத்தின் விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு சுடரோடு வாயிலில் நிற்கிறோமல்லவா? அச்சுடரிலிருந்தே நம் கையிலுள்ள மெழுகுவர்த்திகள் அனைத்தும் ஒளி பெறுகின்றன. வரும் பாஸ்கா இரவில் அதைக் கையில் ஏந்தும்போது, கடலுக்கு அப்பால் ஏதோ ஓர் அரங்கின் இருளில் அமர்ந்து பிறர் முகத்திற்கு ஒளி சேர்க்கும் நம் பிள்ளைகளுக்காகவும் ஒரு கணம் மன்றாடுவோம்.